விராலடிப்பானும் அன்றிலும்

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் என் நண்பர் ஒருவர் பழைய சீனக் கவிதைகளில் கொஞ்சத்தை ஆங்கிலத்தின் வழியாகத் தமிழில் பெயர்த்தார். கல்லூரியில் கணக்கு வாத்தியார் அவர். கவிதை அவருக்குத் தொழில் இல்லை; பித்து. கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சார், தாட்சண்யம் பார்க்காமல் திருத்திக் கொடுக்கணும்" என்றார். நான் தாட்சண்யம் பார்க்கவில்லை. முதல் கவிதையின் முதல் அடியிலேயே பேனாவை வைத்தேன். அங்கே 'விராலடிப்பான்' என்று ஒரு பறவையின் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு 'அன்றில்' என்று எழுதினேன்.

"இது காதல் கவிதை. கல்யாணப் பாட்டு என்றுகூடச் சொல்கிறார்கள். இதிலே மீனை அடித்துத் தின்கிற பருந்துக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷிலே ஆஸ்ப்ரே என்றுதானே சார் போட்டிருக்கிறான்?" என்றார் அவர்.

"போட்டிருக்கட்டும். தமிழ் வாசகனுக்கு அன்றில் என்றால் சட்டென்று மனசில் படும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். புஸ்தகம் அன்றிலோடு வெளிவந்தது. மதிப்புரை எழுதிய இரண்டொருவர் அந்த அடியைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டினார்கள். மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லையாம்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. நண்பர் இல்லை. அவருடைய பெண் புரூஃபை அனுப்பி, "மாமா, அப்பா இருந்தால் எதையாவது மாற்றியிருப்பாரா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாள். ஒரு வாரமாகப் புரூஃப் மேஜையில் கிடக்கிறது. முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

அந்தக் கவிதை சீனத்தின் ஆதி நூலான 'ஷி சிங்'கின் முதல் கவிதை. அந்த நூலில் 305 பாடல்கள். முதற்பாட்டு ஆற்றுத்திட்டில் கூவும் பறவைகளோடு தொடங்குகிறது. நல்ல பெண் ஒருத்தி, அவளைத் தேடும் கனவான் ஒருவன். நீர்க்கொடிகளைப் பெண்கள் இடமும் வலமுமாகத் திரட்டுகிறார்கள். அவன் ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறான். கடைசியில் யாழும் மணியும் முரசும் வருகின்றன. விஷயம் இவ்வளவுதான். இதைப் பற்றி இரண்டாயிரம் வருஷமாக உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பறவையின் பெயர் மூலத்தில் 'ஜூ ஜியூ'. ஜேம்ஸ் லெக் 1871இல் இதை ஆஸ்ப்ரே என்று பெயர்த்தார். 1937இல் ஆர்தர் வேலியும் அப்படியே. எஸ்ரா பவுண்டு 1954இல் மீன்பருந்து என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். மூன்று பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக வைத்துக்கொண்டாலும், அவர்களுக்கு முன்னால் ஒரு சீனரே இருக்கிறார். மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலும் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த குவோ பூ என்பவர், 'எர்யா' என்ற பழைய நிகண்டுக்கு உரை எழுதியபோது, இந்தப் பறவை கழுகு இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லி, தம் காலத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்கள் அதை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதையும் குறித்துவைத்தார். அந்தப் பெயர்தான் இன்றும் சீனத்தில் ஆஸ்ப்ரேக்கு வழங்குகிறது. நமது உரையாசிரியர்கள் சில இடங்களில் 'இக்காலத்தார் இன்னதென்ப' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. எனக்கு அந்த மாதிரி உரைகாரர்கள்மேல் தனி மரியாதை உண்டு. தெரியாத பெயருக்குப் பக்கத்தில் தெருவில் கேட்ட பெயரை வைக்கிறவர்கள் அவர்கள்.

எதிர்க்கட்சியும் பலமானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற மகாபண்டிதர், இது ஒரு நீர்ப்பறவை, வாத்தைப் போன்றது என்றார். பின்னால் வந்த படிப்பாளிகள் பலர் அவரையே பின்பற்றினார்கள். பாட்டில் அந்தப் பறவை எழுப்புகிற ஒலியையும் யோசிக்கவேண்டும். ஆஸ்ப்ரேயின் குரல் மெல்லிய சீழ்க்கை, பாட்டில் வருவதோ கனமான ஒலி. ஆகவே வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாத்து என்று சொன்னவர்கள்கூட அன்றில் என்று சொல்லவில்லை.

நான் செய்த தப்பு எங்கே என்பது மாவ் உரை என்று பெயர் பெற்ற பழைய உரையைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த உரைக்காரர் இந்தப் பறவையைப் புகழ்வதற்குச் சொல்கிற காரணம், ஆணும் பெண்ணும் ஆழ்ந்த பிரியத்தோடு இருந்தும் விலகி நிற்கத் தெரிந்தவை என்பது. பிரியமும் உண்டு, இடைவெளியும் உண்டு. அதனால்தான் அது அரசியின் குணத்துக்கு உவமையாயிற்றாம். நம் அன்றிலோ நேர் எதிர். அது பனையில் துணையோடு இருக்கும். துணை பிரிந்தால் உயிர் விடும். குறுந்தொகையில் வரும் மகன்றிலுக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரு மலர் குறுக்கிட்டால்கூடத் தாங்காது. விலகி நிற்பதற்காகப் போற்றப்பட்ட பறவையின் இடத்தில், விலகவே தெரியாத பறவையைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறேன். தமிழ் மணம் வந்தது உண்மை. சீனக் கவிதை போய்விட்டது.

மாவ் உரைக்காரர் பறவையைப் பார்த்து எழுதினாரா, அரசிக்குப் புத்தி சொல்வதற்காக எழுதினாரா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் வேடிக்கை, ஆஸ்ப்ரே விஷயத்தில் அவர் சொன்னது ஓரளவு பொருந்துகிறது. வடக்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஜோடி, பருவம் முடிந்ததும் பிரிந்துவிடுகிறது. பெண் பறவை முதலில் கிளம்பும். ஆண் பின்தங்கிக் குஞ்சுகளுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தனியாகப் புறப்படும். குளிர்காலத்தை எங்கெங்கோ தனித்தனியே கழித்துவிட்டு, வசந்தத்தில் இரண்டும் பழைய கூட்டுக்கே திரும்புகின்றன. இலையுதிர் காலத்தில் நம் நாட்டுக்கு வந்து, கோடை ஆரம்பத்தில் திரும்பிப் போகும் ஆஸ்ப்ரேக்களை நம் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பறவையைத்தான் பார்த்திருப்பார்கள். தெற்கே அது கூடு கட்டுவதில்லை. இங்கே அது குடும்பஸ்தன் இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் ஒண்டிக்கட்டை.

இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தவர்கள் உலகம் முழுவதும் படுகிற பாட்டைப் பார்க்கும்போது என் தப்பு கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. ஆஸ்ப்ரே என்ற ஆங்கிலப் பெயரே ஒரு குழப்பத்தின் குழந்தை. லத்தீனில் 'வேட்டைப் பறவை' என்று பொருள்படும் தொடர் பிரெஞ்சு வாயில் தேய்ந்து வந்தது என்பார்கள். அதோடு 'எலும்பை முறிப்பது' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. எலும்பை முறிப்பது இமயமலை போன்ற இடங்களில் வாழும் வேறொரு பெரிய பறவை. எலும்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் பாறையில் போட்டு உடைக்கும். நம் பறவைக்கு எலும்பில் சிரத்தை இல்லை. அது மீனைத் தவிர அநேகமாக எதையும் தொடுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'பல்புஸார்' என்கிறார்கள். அது ஆங்கிலத்தில் 'மொட்டைப் பருந்து' என்பதிலிருந்து போனது. பறவை மொட்டையும் இல்லை. வெள்ளைத் தலை, கண்ணை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தவன் வைத்த பெயர் என்று தெரிகிறது. ஜெர்மானியரும் வேல்ஸ்காரர்களும் மீனைச் சேர்த்துப் பெயர் வைத்து ஒருவாறு தப்பித்துக்கொண்டார்கள்.

ஷேக்ஸ்பியர் இதைக் 'கோரியலேனஸ்' நாடகத்தில் கொண்டுவருகிறார். கோரியலேனஸுக்கு முன் ரோம் நகரம் ஆஸ்ப்ரேக்கு முன் மீனைப்போல, இயற்கையின் ஆட்சியுரிமையாலேயே பணிந்துவிடும் என்று எதிரியின் வாயால் சொல்லவைக்கிறார். ஆஸ்ப்ரேயைக் கண்டதும் மீன் தானாகவே வயிற்றைக் காட்டி மல்லாந்துவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மை வேறு. ஆஸ்ப்ரே பல தடவை வெறுங்காலோடு எழுந்துவருகிறது. மேலே நின்றபடி சிறகடித்து நிதானம் பார்த்து, சிறகை மடக்கி, கால்களை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழுகிறது. சில சமயம் முழுகியும் போகிறது. வழுக்கும் மீனைப் பிடிக்கப் பாதத்தில் முள்முள்ளாக இருக்கிறது. வெளிவிரல் பின்னாலும் திரும்பும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பற்றிக்கொள்ளும். பிறகு மீனின் தலையை முன்பக்கம் வைத்துக் காற்றைக் கிழித்துக்கொண்டு தூக்கிப் போகிறது. இது ராஜ உத்தியோகம் இல்லை, கூலி வேலை. அந்த மீனையும் பல இடங்களில் பெரிய கழுகு வழிமறித்துப் பறித்துக்கொள்கிறது. அமெரிக்கா 1782இல் வெண்தலைக் கழுகைத் தேசிய முத்திரையில் வைத்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1784இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், அது உழைத்து மீன் பிடிக்கும் பருந்திடம் கொள்ளையடித்துப் பிழைக்கும் பறவை ஆயிற்றே என்று குறைபட்டுக்கொண்டார். ஷேக்ஸ்பியரைவிடப் பிராங்க்ளின் பறவையைக் கவனித்திருக்கிறார் என்று எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

பெயர்க் குழப்பத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் சீமாட்டிகளின் தொப்பிகளில் 'ஆஸ்ப்ரே' என்ற பெயரில் வெள்ளை இறகுகள் விற்றன. அவை ஆஸ்ப்ரேயின் இறகுகள் அல்ல, கொக்குகளுடையவை. பிரெஞ்சில் அந்த இறகுக்கு வழங்கிய 'எஸ்பிரி' என்ற சொல் திரிந்து அப்படி ஆயிற்றாம். அந்த இறகு கொக்குக்குக் கூடு கட்டும் காலத்தில்தான் வளரும். ஆகவே தாயைக் கூட்டில் வைத்தே சுட்டார்கள்; குஞ்சுகள் பட்டினியில் செத்தன. தொப்பி வாங்கியவளுக்கு அது ஏதோ கொடூரமான மீன்பருந்தின் இறகு என்று பெயர் சொல்லிற்று. இதை எதிர்த்துத்தான் 1889இல் இங்கிலாந்தில் பெண்கள் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்தார்கள். இந்திய அரசாங்கம் 1902இல் இறகு ஏற்றுமதியைத் தடுத்தது. பிரிட்டனில் இறக்குமதித் தடை வர 1921 ஆயிற்று. அதற்கு முந்திய வருஷம் வர்ஜீனியா உல்ஃப் இதைப் பற்றி ஒரு காரசாரமான கட்டுரை எழுதினார். இதற்கிடையில் அசல் ஆஸ்ப்ரேயின் கதை என்ன? துப்பாக்கிக்காரர்களும் முட்டை சேகரிப்பவர்களுமாகச் சேர்ந்து 1916 வாக்கில் பிரிட்டனில் அதன் கூடே இல்லாமல் செய்துவிட்டார்கள். 1954இல்தான் அது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியது. பறவை இல்லாத ஊரில் அதன் பெயர் மட்டும் தொப்பியில் சவாரி செய்துகொண்டிருந்திருக்கிறது.

விஞ்ஞானப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. அதிலே விழக்கூடியவர்கள் நாம்தான். லின்னேயஸ் 1758இல் இதை வல்லூறு வகையில் சேர்த்தார். ஸவீஞி என்ற பிரெஞ்சுக்காரர் 1809இல் தனி இனமாக்கி 'பாண்டியோன்' என்று பெயரிட்டார். ஸ்டிராபோ, பிளைனி முதலியோர் நம் பாண்டிய அரசனைப் 'பாண்டியோன்' என்றுதான் குறித்திருக்கிறார்கள். பாண்டியன் கொடியோ மீன். மீன்பறவைக்குப் பாண்டியன் பெயர்! ஒரு கூட்டத்தில் இதை ஒருவர் அறிவித்தபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நானும் தட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸவீஞியின் பாண்டியோன் மதுரைக்காரன் அல்ல, ஏதென்ஸ் நகரத்துப் புராண அரசன். அவன் மகன் நீஸஸ் கடற்கழுகாக மாறியதாக ஓவிட் பாடியிருக்கிறார். மகன் பறவையானான், பெயர் அப்பனுக்குப் போயிற்று. நம்மவர் அதை இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிக்கொண்டுவரப் பார்க்கிறோம்.

தமிழில் அச்சான பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. லேவியராகமத்தில் தின்னக்கூடாத பறவைகளின் பட்டியலில், ஆங்கில விவிலியம் ஆஸ்ப்ரே என்று வைத்த இடத்தில், தமிழில் 'கடலுராஞ்சி' என்று வருகிறது. எபிரேயச் சொல் எந்தப் பறவையைக் குறித்தது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கிரேக்கத்தில் கடற்கழுகு என்றார்கள். தமிழில் பெயர்த்தவர் அகராதியைப் பார்த்துக் 'கடற்கழுகு' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உராஞ்சுதல் என்றால் உரசுதல். கடலின் மேல்தோலை இறக்கையால் உரசிக்கொண்டு போகும் ஒரு பறவை அந்த ஒரே சொல்லில் பறக்கிறது. நாவல் எழுதுகிறவன் பொறாமைப்படவேண்டிய சொல். ஆனால் ஆஸ்ப்ரே கடலை உரசுவதில்லை; உடைக்கிறது. அழகான சொல், வேறு பறவையுடையது.

'விராலடிப்பான்' அப்படி அழகில்லை. ஜெர்டன் என்ற ராணுவ வைத்தியர் 1862இல் வெளிவரத் தொடங்கிய தமது இந்தியப் பறவைகள் நூலில், தம் காதில் விழுந்தபடி இந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் கோணல்மாணலாகப் பதிந்துவைத்திருக்கிறார். பக்கத்திலேயே தெலுங்குப் பெயர்; அதிலும் விராலுக்கு அவர்கள் சொல்லும் 'கொரமீனு'தான். இரண்டு மொழிக்காரர்களும் எல்லா மீனையும் விட்டு விராலைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. விரால் தண்ணீரில் மட்டும் மூச்சுவிட்டு வாழமுடியாத மீன். அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகவேண்டும். ஆஸ்ப்ரேயால் ஆழத்தில் உள்ளதைத் தொடமுடியாது; மேலே இருப்பதைத்தான் எடுக்கமுடியும். மூச்சுக்கு மேலே வருகிறவனும் மேலே காத்திருக்கிறவனும் சந்திக்கிற இடம் ஏரியின் தண்ணீர் மட்டம். அதைக் கரையிலிருந்து பல தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் வைத்த பெயர் இது. 'அடிப்பான்' என்பதும் தெரிந்து போட்டதுதான். பருந்து குஞ்சை அடித்தது, புலி மாட்டை அடித்தது என்கிறோம். கொத்துவதும் கடிப்பதும் வேறு. அலகால் கொத்துகிறதை மீன்கொத்தி என்றவர்கள், காலால் விழுந்து பிடிப்பதை அடிப்பான் என்றார்கள். ஆண்டு, அட்டவணை, லத்தீன் ஒன்றும் இல்லாமல் ஸவீஞியைவிட அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

என் நண்பர் ஏரிக்கரை ஊர்க்காரர். அவர் இந்தப் பெயரை ஜெர்டனிடமிருந்து எடுத்திருக்க வழியில்லை. ஜெர்டனைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். சின்ன வயசில் மடைமேல் உட்கார்ந்து பார்த்த பறவை அது. ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே என்ற சொல்லைப் படித்து, அகராதியில் விளக்கத்தைப் பார்த்து, 'அட, நம்ம ஊர்ப் பறவை!' என்று சந்தோஷப்பட்டிருப்பார். பட்டணத்தில் வளர்ந்து சங்க இலக்கியம் படித்த நான், பார்த்தே இராத அன்றிலைக் கொடுத்து, பார்த்த பறவையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தார் என்பது இப்போது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. கன்ஃபூஷியஸ் தம் சீடர்களிடம் இந்தப் பாடல்களைப் படிக்கச் சொன்னபோது கொடுத்த காரணங்களில் ஒன்று, பறவை, மிருகம், செடிகொடிகளின் பெயர்கள் நிறையத் தெரியவரும் என்பது. நான் அந்த நூலின் முதல் பெயரிலேயே ஒன்றைக் குறைத்துவிட்டேன்.

விராலடிப்பான் என்றால் வாசகனுக்குப் புரியாது என்று அன்று சொன்னேன். புரியாதுதான். ஆனால் அன்றிலும் அவனுக்குப் புரிவதில்லை, பழக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலைக் காட்டு என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் காட்டுவோம்? நம் கதைகளில் வரும் பறவைகளைக் கணக்கெடுத்தால் குயில், கிளி, மயில், புறா, காக்கை என்று ஒரு கையில் அடங்கிவிடும். மீதியெல்லாம் 'ஏதோ ஒரு பறவை'. என் நாவல்களிலும் அந்த 'ஏதோ' நிறையப் பறக்கிறது. காதல் பாட்டில் 'அடிப்பான்' என்ற வன்மையான ஒலி உறுத்துமே என்றால், உறுத்தட்டும். தூக்கம் வராமல் புரளுகிற ஒருவனுடைய பாட்டு அது. ஆற்றுத்திட்டில் ஒரு வேட்டைப் பறவை குரல் கொடுப்பதோடு அது தொடங்கினால், அவன் தேடுவதில் உள்ள பசி முதல் அடியிலேயே வந்துவிடுகிறது. அன்றிலை வைத்தால் பாட்டு தொடங்கும்போதே கல்யாணம் முடிந்துபோகிறது.

ஒரு வேளை ஜூ ஷிதான் சரியோ என்னவோ, வாத்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நண்பர் பெயர்த்தது லெக்கையும் வேலியையும்; அவர்களுக்கு அது ஆஸ்ப்ரே. அவர் எழுதியது அவர் பெயரில் வரவேண்டும்.

நேற்று முன்தினம் புரூஃபில் அன்றிலை அடித்துவிட்டு, ஓரத்தில் விராலடிப்பான் என்று எழுதி அனுப்பினேன். இன்று காலை திருத்திய புரூஃப் வந்தது. 'விறகடிப்பான்' என்று கோத்திருக்கிறார்கள். மறுபடியும் திருத்தி, இந்தத் தடவை 'விரால் மீன்' என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் குறிப்பும் எழுதி, பையன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.